கள்ளு முட்டிக்குள் யார் யார்? நுண்ணுயிரிகளின் டிஎன்ஏவை மொத்தமாகப் படிக்கும் வழி

பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தோப்புகளில் விடியற்காலை இறக்கும் தென்னங்கள் இனிக்கும். மத்தியானத்துக்குள் சுள்ளென்று ஏறும். மறுநாள் வரை வைத்திருந்தால் காடிதான். பாளையைச் சீவி முட்டியைக் கட்டியவர் அதில் எதையும் கலக்கவில்லை. பாளையில் இருந்தும், மொய்க்கும் ஈ, வண்டுகளின் காலில் இருந்தும், முட்டியின் உள்சுவரில் ஒட்டியிருந்த நேற்றைய மிச்சத்தில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சாற்றில் இறங்கி வேலையைத் தொடங்கிவிடுகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் சித்தூர் தாலுகாக் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டியேறிப் போகிறது. அந்த வழக்குக்குள் நாம் போக வேண்டாம். அந்த முட்டிக்குள் எந்தெந்த நுண்ணுயிரிகள் இருக்கின்றன, அவற்றின் மரபணுக்களில் என்ன எழுதியிருக்கிறது, அதை இன்றைக்கு எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு ஒரே வழிதான் இருந்தது: வளர்த்துப் பார்ப்பது. ஒரு சொட்டுக் கள்ளை நன்றாக நீர்த்து, சத்துக் கலந்த அகார் தட்டில் பூசி, ஓரிரு நாள் கதகதப்பில் வைத்தால் புள்ளி புள்ளியாகக் காலனிகள் எழும்பும். ஒரு புள்ளியைத் தொட்டு எடுத்தால் அதில் இருப்பது ஒரே வகை. சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்ட் இப்படி வந்துவிடும். அதே வேலையைச் செய்யும் சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியா, கள்ளுக்குக் கொழகொழப்பும் புளிப்பும் தரும் லூகனோஸ்டாக், கடைசியில் காடியாக்கும் அசிட்டோபாக்டர் ஆகியவற்றையும் தகுந்த சத்தும் சூழலும் கொடுத்தால் வளர்க்கலாம்.

ஆனால் தட்டு நமக்குக் காட்டுவது அந்தத் தட்டில் வளரச் சம்மதித்தவர்களை மட்டும். ஏரித் தண்ணீரையோ தோட்டத்து மண்ணையோ நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினால் வரும் எண்ணிக்கைக்கும், அதையே தட்டில் வளர்த்து எண்ணினால் வருவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பெரும்பாலும் நூற்றில் ஒன்றுகூடத் தட்டுக்கு வருவதில்லை. ஸ்டேலி, கொனோப்கா என்ற இருவர் 1985இல் இதைத் ‘தட்டு எண்ணிக்கையின் பெரும் முரண்’ என்றே எழுதி வைத்தார்கள். கள் போன்ற சத்தான சாற்றில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. மண்ணிலும் சாணத்திலும் நம் குடலிலும் மோசம்தான்.

இந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு இதில் பழைய கசப்பு ஒன்று உண்டு. தென்னையின் வேர் வாடல் நோய். கேரளத்தில் காற்றுவீழ்ச்ச என்பார்கள், பொள்ளாச்சிப் பக்கம் கேரள வாடல் என்றாலே புரியும். கீற்றுகள் விறைப்பை இழந்து உள்பக்கமாக வளைந்து தொய்யும், அடிமட்டைகள் மஞ்சளாகும், காய்ப்பு சரியும். மரம் மட்டும் சட்டென்று சாகாமல் ஆண்டுக்கணக்கில் நின்று கழுத்தறுக்கும். 1882 வெள்ளத்துக்குப் பிறகு ஈராட்டுப்பேட்டைப் பக்கம் முதலில் தென்பட்டதாகச் சொல்வார்கள். பூஞ்சை, பாக்டீரியா, சத்துக் குறைவு என்று பத்தாண்டுக்கணக்கில் சந்தேகப் பட்டியல் நீண்டதே தவிர, எந்தக் கிருமியையும் தட்டில் வளர்த்து ‘இதோ குற்றவாளி’ என்று நிறுத்த முடியவில்லை. 1980களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மரத்தின் உணவுக்குழாய்த் திசுவுக்குள் சுவர் இல்லாத சின்னஞ்சிறு பாக்டீரியாக்கள் தென்பட்டன. இன்று அவற்றை ஃபைட்டோபிளாஸ்மா என்கிறார்கள். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் மரத்துக்கு மரம் இதைத் தூக்கிக்கொண்டு போகின்றன.

அது ஏன் தட்டில் வளர மறுக்கிறது? பதில் டிஎன்ஏவில் கிடைத்தது. வெங்காயத்தைத் தாக்கும் ஃபைட்டோபிளாஸ்மா ஒன்றின் டிஎன்ஏவை ஜப்பானியர்கள் 2004இல் முழுதாகப் படித்தார்கள். மொத்தமே சுமார் 8.6 லட்சம் எழுத்துகள். உயிர்கள் எல்லாவற்றிலும் இருக்கும் என்று நினைத்த, ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைத் தயாரிக்கும் நொதியின் மரபணுக்கள்கூட அதில் இல்லை. சமைக்கும் வேலையை முழுக்க மரத்திடம் விட்டுவிட்டு உட்கார்ந்து தின்கிற உயிர் அது. தட்டில் நாம் என்ன சத்தை வைத்தாலும் அதற்குப் போதாது. இப்படிப்பட்ட உயிரைப் பற்றி அறிய அதன் டிஎன்ஏவைப் படிப்பதைத் தவிர வேறு வழி ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எழுத்தைப் படிப்பது

டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதிப்பொருள்கள் வரிசையாகக் கோத்த நீண்ட இழை. எந்த வரிசையில் கோத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சீக்வென்சிங், அதாவது வரிசைப்படுத்தல். ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏ வரிசையை மரபணுத்தொகை என்போம், ஆய்வகங்களில் ஜீனோம் என்ற சொல்தான் புழக்கம். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஜீனோம் சுமார் 46 லட்சம் எழுத்துகள், அதில் ஏறக்குறைய 4,300 மரபணுக்கள். கள்ளிலும் ரொட்டியிலும் வேலை செய்யும் ஈஸ்டுக்கு 1.2 கோடி எழுத்துகள், சுமார் 6,000 மரபணுக்கள். சைமோமோனாஸுக்கு 20 லட்சத்தை ஒட்டி. மனிதனின் 300 கோடியோடு ஒப்பிட்டால் எல்லாமே சின்னப் பிள்ளைகள். அதனால்தான் நுண்ணுயிரி ஆராய்ச்சிக்கு இந்தத் தொழில்நுட்பம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திப் போயிற்று.

1977இல் ஃபிரெடரிக் சாங்கர் கண்டுபிடித்த முறைதான் நெடுங்காலம் ஆட்சி செய்தது. அதில் ஒரு நேரத்தில் ஒரு துண்டைத்தான் படிக்க முடியும், ஒரு துண்டு கிட்டத்தட்ட 800 எழுத்து. மிகத் துல்லியம், ஆனால் மெதுவு. தனித்து வாழும் ஓர் உயிரின் ஜீனோம் முழுதாக வெளிவந்தது 1995இல்தான்: ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா என்ற பாக்டீரியா, 18 லட்சம் எழுத்து, கிரெய்க் வென்டர், ஹாமில்டன் ஸ்மித் குழுவின் வேலை. அன்று அது உலகச் செய்தி. இன்று அதே அளவு பாக்டீரியாவை ஒரு முதுகலை மாணவர் தன் ஆய்வேட்டுக்காகப் படிக்கக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார்.

இடையில் நடந்தது என்ன? ஒரு துண்டை வேகமாகப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கோடிக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில், அருகருகே வைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். இதற்குத்தான் ஹை-த்ரூபுட் சீக்வென்சிங் என்று பெயர். நெக்ஸ்ட் ஜெனரேஷன் சீக்வென்சிங் என்றும் உண்டு, ஆய்வகத்தில் அதை என்ஜிஎஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்த வகையில் முதலில் சந்தைக்கு வந்தது 2005இல் 454 என்ற நிறுவனத்தின் கருவி. கடைசியில் பந்தயத்தில் வென்றது சொலெக்ஸா முறை. கேம்பிரிட்ஜில் அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியன், மற்றவர் டேவிட் கிளெனர்மன். 1998இல் நிறுவனம் தொடங்கினார்கள். 2007இல் அதை இலுமினா வாங்கிக்கொண்டது. இன்று உலகில் படிக்கப்படும் டிஎன்ஏவில் பெரும்பகுதி அந்த வழிவந்த கருவிகளில்தான் ஓடுகிறது.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். பின்னால் வரும் தொல்லைகள் எல்லாம் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் செல்களை உடைத்து டிஎன்ஏவைப் பிரித்து, சில நூறு எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டின் இரு நுனியிலும் நமக்குத் தெரிந்த வரிசை கொண்ட ஒரு குட்டி டிஎன்ஏவை ஒட்டுகிறார்கள். இதற்கு அடாப்டர் என்று பெயர். அதிலேயே ‘இது கொழிஞ்சாம்பாறை சாம்பிள், இது வேலந்தாவளம் சாம்பிள்’ என்று பிரித்தறிய ஒரு அடையாள வரிசையும் வைப்பதால் பல சாம்பிள்களைக் கலந்து ஒரே ஓட்டத்தில் ஓட்டலாம். அப்புறம் இந்தக் கலவையை ஒரு கண்ணாடிப் பரப்பின்மேல் ஓடவிடுவார்கள். அடாப்டரின் உதவியால் துண்டுகள் ஆங்காங்கே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்திலேயே ஒவ்வொரு துண்டும் ஆயிரம் படிகளாகப் பெருக்கப்படும். இப்போது கண்ணாடி முழுக்கக் கோடிக்கணக்கான குட்டிக் கொத்துகள், ஒவ்வொரு கொத்திலும் ஒரே துண்டின் நகல்கள்.

அடுத்ததுதான் சூட்சுமம். டிஎன்ஏவின் ஓர் இழை இருந்தால் அதற்கு இணையான இழையை ஓர் நொதி கட்டித் தரும்: ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. கட்டுவதற்குக் கொடுக்கும் எழுத்துகளில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறத்தில் ஒளிரும் சாயமும், ‘இதற்கு மேல் சேர்க்காதே’ என்று தடுக்கும் ஒரு பூட்டும் போட்டுவிடுகிறார்கள். எல்லாக் கொத்துகளிலும் ஒரே ஒரு எழுத்து சேரும், நின்றுவிடும். லேசர் ஒளியில் கண்ணாடியைப் படம் எடுத்தால் எந்தக் கொத்து என்ன நிறம் என்று தெரியும். சாயத்தையும் பூட்டையும் கழற்றிவிட்டு அடுத்த எழுத்து, அடுத்த படம். இப்படி 150 சுற்று ஓடினால் ஒவ்வொரு கொத்தில் இருந்தும் 150 எழுத்து. மைசீக் என்ற சிறிய கருவியே ஒரு ஓட்டத்தில் ஏறக்குறைய 2 கோடித் துண்டுகளைப் படிக்கும். பெரிய கருவிகள் நூற்றுக்கணக்கான கோடி.

ஏன் 150, 300 என்று நின்றுவிடுகிறது, ஆயிரம் போகக் கூடாதா? ஒரு கொத்தில் இருக்கும் ஆயிரம் நகல்களும் ஒரே தாளத்தில் நகர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரண்டு நகல் பின்தங்கும், ஓரிரண்டு முந்தும். சுற்று ஏற ஏற நிறங்கள் கலந்து மங்கும். கருவிக்கே சந்தேகம் வந்துவிடும்.

அந்தச் சந்தேகத்தைக் கருவி மறைக்காமல் எழுதித் தருகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். கையில் கிடைக்கும் கோப்புக்கு ஃபாஸ்ட்கியூ என்று பெயர். திறந்து பார்த்தால் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரி. முதல் வரியில் கருவியின் பெயரும் கண்ணாடியில் அந்தக் கொத்து இருந்த இடமும். இரண்டாவது வரியில் படித்த எழுத்துகள். மூன்றாவதில் ஒரு கூட்டல் குறி. நான்காவது வரியைப் பார்த்தால் பூனை கீபோர்டில் நடந்துபோன மாதிரி இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு குறியும் மேலே உள்ள ஒவ்வொரு எழுத்தின் நம்பகத்தன்மை. கேள்விக்குறி இருந்தால் மதிப்பெண் 30: அந்த எழுத்து தவறாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. 5 என்ற இலக்கம் இருந்தால் 20: நூற்றில் ஒன்று. கூட்டல் குறி என்றால் 10: பத்தில் ஒன்று. # வந்தால் அந்த எழுத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். துண்டின் வால் பக்கம் போகப் போக # அடுக்கடுக்காக வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த வாலை வெட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

துண்டுகளை ஒட்டவைப்பது

46 லட்சம் எழுத்து நீள ஜீனோமை 150 எழுத்துத் துண்டுகளாகப் படித்தாயிற்று. எது எங்கே வரும்? ஒரே கல்யாணப் பத்திரிகையின் நூறு படிகளைக் கண்டபடி கிழித்து ஒரு மூட்டையில் கொட்டிக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு படியும் வேறு வேறு இடத்தில் கிழிந்திருப்பதால் ஒரு துண்டின் கடைசிச் சொற்களும் இன்னொன்றின் முதல் சொற்களும் ஒன்றாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே ஒட்டிக்கொண்டு போகலாம். ‘முகூர்த்த நேரம்’ ஒரே இடத்தில்தான் வரும், சிக்கல் இல்லை. ‘திரு’, ‘திருமதி’, ‘அவர்களின்’ என்று மட்டும் இருக்கும் துண்டு வந்தால்? அது மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா, பெண் வீட்டுப் பக்கமா, தாய்மாமன் பட்டியலா? அங்கே ஒட்டும் வேலை நின்றுபோகும்.

பாக்டீரியாவிலும் இதே கதை. ஈ.கோலையில், செல்லுக்குள் புரதம் கட்டும் பட்டறையான ரைபோசோமின் ஆர்என்ஏவுக்கான மரபணுக் கட்டு ஏழு இடங்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. தாவித் திரியும் டிஎன்ஏ துணுக்குகளும் பல இடங்களில் ஒரே வரிசையோடு உட்கார்ந்திருக்கும். 150 எழுத்துத் துண்டு அதற்குள்ளேயே முழுதாக அடங்கிவிடுவதால் அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று தெரியாது. விளைவு: ஒரு முழு வட்டமாக வர வேண்டிய ஜீனோம் நூறு, இருநூறு நீள்துண்டுகளாக நிற்கும். அவற்றைக் கான்டிக் என்பார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு இதுவே போதும். மரபணுக்கள் அந்த நீள்துண்டுகளுக்குள் பத்திரமாக இருக்கும்.

எவ்வளவு படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 100 தடவை படிக்க வேண்டும் என்றால் ஈ.கோலைக்கு 46 கோடி எழுத்து, அதாவது 150 எழுத்துத் துண்டுகள் சுமார் 30 லட்சம். ஏன் நூறு தடவை? ஒரு தடவை படித்ததில் ஏ என்றும் 99 தடவை ஜி என்றும் வந்தால் அது ஜிதான் என்று தைரியமாகச் சொல்லலாம். கருவியின் பிழைகள் இப்படிக் கூட்டத்தில் கரைந்துபோகும்.

துண்டு நீளத்தின் சிக்கலுக்கு விடையாக வந்தவை நீள்வாசிப்புக் கருவிகள். ஆக்ஸ்ஃபோர்ட் நானோபோர் நிறுவனத்தின் மினியான் கைக்குள் அடங்கும், மடிக்கணினியில் செருகிவிடலாம். ஒரு நுண்துளை வழியாக டிஎன்ஏ இழையை நுழையவிட்டு, ஒவ்வொரு எழுத்துக் கூட்டமும் மின்னோட்டத்தைத் தடுக்கும் விதத்தை வைத்து வரிசையைக் கண்டுபிடிக்கிறது. பல்லாயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும். 2015இல் கினியில் எபோலா வைரஸை நோய் பரவிய இடத்திலேயே படித்தார்கள். 2016இல் விண்வெளி நிலையத்துக்கும் போயிற்று. ஆரம்பத்தில் பிழை அதிகம், இப்போது நன்றாகக் குறைந்துவிட்டது. பசிஃபிக் பயோசயன்சஸ் கருவிகள் வேறு வழியில் இதையே இன்னும் துல்லியமாகச் செய்கின்றன.

ஒரே முட்டி, வேறு வேறு கேள்வி

சரி, நம் கள்ளுக்கு வருவோம். சாம்பிளை அனுப்பும்போது ஆய்வகத்தில் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன வேண்டும்’ என்பது. இதற்குப் பதில் தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் மலிவான வழி 16எஸ். எல்லா பாக்டீரியாக்களிலும் இருக்கும், சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள ஒரு மரபணு இது. சில பகுதிகள் எல்லோரிடமும் ஒரே மாதிரி, சில பகுதிகள் இனத்துக்கு இனம் வேறு. கார்ல் வோஸ் இந்த மரபணுவின் விளைபொருளை ஒப்பிட்டுத்தான் 1977இல் ஆர்க்கியா என்ற தனிக் குலம் இருப்பதையே காட்டினார். ஒரே மாதிரியான பகுதியைப் பிடித்து, பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி, வேறுபடும் பகுதியைப் படித்தால் பெயர்ப் பட்டியல் வந்துவிடும்.

கள்ளை 16எஸ் பார்த்தால் சைமோமோனாஸ் இத்தனை சதவீதம், லூகனோஸ்டாக் இத்தனை, அசிட்டோபாக்டர் இத்தனை என்று அழகான வண்ணப் பட்டை வரும். அதில் ஈஸ்ட் இருக்காது! கள்ளில் ஈஸ்ட் இல்லாமல் இருக்குமா? ஈஸ்ட் பூஞ்சைக் குலம், அதனிடம் 16எஸ் மரபணு கிடையாது. அதைப் பார்க்க ஐடிஎஸ் என்ற வேறு பகுதியைத் தனியாகப் படிக்க வேண்டும். அறிக்கையில் எங்கும் ‘ஈஸ்டைத் தேடவில்லை’ என்று எழுதியிருக்காது. எழுதியிருப்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அதைப் பார்த்து கள்ளில் பாதி வேலையைச் செய்கிறவரையே இல்லை என்று நினைத்துவிடலாம்.

நோயுற்ற தென்னை ஓலையில் 16எஸ் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. செடியின் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாக்களின் வாரிசுகள். அவற்றிடமும் 16எஸ் இருக்கிறது. படித்த துண்டுகளில் பெரும்பகுதி தென்னையின் சொந்தச் சரக்காகவே வந்து நிற்கும், ஃபைட்டோபிளாஸ்மா ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஃபைட்டோபிளாஸ்மாவை மட்டும் பிடிக்கும்படி வடிவமைத்த பிசிஆரை முதலில் ஓட்டுகிறார்கள். இன்னொன்று: 16எஸ் பெரும்பாலும் பேரினத்தோடு நின்றுவிடும். ஈ.கோலையையும் சீதபேதி தரும் ஷிகெல்லாவையும் அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

என்ன செய்யக்கூடியவர்கள் என்று தெரிய வேண்டுமானால் எல்லா டிஎன்ஏவையும், எந்த மரபணு என்று பார்க்காமல் மொத்தமாகப் படிக்க வேண்டும். இது மெட்டாஜீனோம். ஈஸ்டும் வரும், பாக்டீரியாவும் வரும், வைரஸும் வரும், முட்டியில் விழுந்த ஈயின் டிஎன்ஏவும் வரும். வந்த துண்டுகளைப் பொதுத் தரவுத்தளங்களோடு ஒப்பிட்டு, எந்த உயிருடையது, எந்த நொதிக்கான மரபணு என்று பிரிக்கலாம். கள் இதற்குத் தோதான சாம்பிள், ஆட்கள் குறைவு. தென்னை ஓலையில் இதையே செய்தால் கட்டணம் எகிறும். தென்னையின் ஜீனோம் சுமார் 240 கோடி எழுத்து, ஃபைட்டோபிளாஸ்மாவுடையது 10 லட்சத்தை ஒட்டியது. கட்டிய பணத்தில் பெரும்பகுதி தென்னையை மறுபடி மறுபடி படிக்கவே போகும்.

ஒரே ஒரு பாக்டீரியாவைத் தனியே வளர்த்து அதன் ஜீனோமை மட்டும் முழுதாகப் படிப்பது மூன்றாவது வழி. மரபியல் என்று சொல்லத்தக்க வேலை இங்கேதான் நடக்கிறது என்பது என் கட்சி. ஏனென்றால் இங்கே ஒற்றை எழுத்து மாற்றத்தைக்கூடப் பிடிக்கலாம்.

காசநோய்க் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். 44 லட்சம் எழுத்து. தட்டில் வளர வாரக்கணக்கில் ஆகும். ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்காத கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஆர்பிஓபி என்ற ஒரே மரபணுவின் 81 எழுத்துப் பகுதிக்குள் மாற்றம் இருக்கும். ஜீனோமைப் படித்தால் எந்த மருந்து வேலை செய்யாது என்பதற்கு அங்கேயே துப்பு. அதோடு இந்தக் கிருமியின் ஜீனோமில் ஆண்டுக்குச் சராசரியாக அரை எழுத்துதான் மாறும். எல்லையோரக் கோபாலபுரத்தில் ஒருவர் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கும், அவரோடு ஒரே செங்கல் சூளையில் வேலை செய்பவர் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள் என்று வையுங்கள். பதிவேடுகள் இரண்டு மாநிலங்களில் இரண்டு மொழிகளில் கிடக்கும். இருவரின் கிருமிகளுக்கும் இடையே இரண்டு மூன்று எழுத்துதான் வித்தியாசம் என்றால் அண்மையில் ஒரே சங்கிலியில் பரவியது என்று சந்தேகிக்க நல்ல காரணம் உண்டு. ஐம்பது எழுத்து வித்தியாசம் என்றால் ஒரே இடத்தில் வேலை செய்தது தற்செயல்.

பரிணாமத்தைக் கண்முன் பார்த்ததும் இந்த வழியில்தான். அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் ஒரே ஈ.கோலையில் இருந்து 12 குடுவைகளைத் தொடங்கினார். தினமும் நூற்றில் ஒரு பங்கைப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள், 500 தலைமுறைக்கு ஒரு தடவை கொஞ்சம் எடுத்து உறையவைப்பார்கள். குடுவையில் குளுக்கோஸ் கொஞ்சம், சிட்ரேட் நிறைய. ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலைக்குச் சிட்ரேட்டைத் தின்னத் தெரியாது. 31,000 தலைமுறைகளுக்குப் பிறகு, 2003இல், ஒரு குடுவை மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் கலங்கியது. சிட்ரேட்டைத் தின்னக் கற்றுக்கொண்ட வகை அதில் வந்துவிட்டது. என்ன மாறியது? உறைபெட்டியில் இருந்த பழைய தலைமுறைகளையும் சேர்த்து ஜீனோம்களைப் படித்து 2012இல் விடை சொன்னார்கள். சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் மரபணு ஈ.கோலையிடம் ஏற்கெனவே இருந்தது, ஆக்சிஜன் உள்ளபோது அணைந்து கிடந்தது. அந்தப் பகுதி தவறுதலாக இரட்டித்து, புது நகல் இன்னொரு மரபணுவின் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அந்தச் சுவிட்ச் ஆக்சிஜனிலும் எரியும். உறையவைத்த குடுவைகள் இருந்தும், சீக்வென்சிங் மலிவாகாமல் இருந்திருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது.

எந்த மரபணு இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அறிய, வேலை செய்யும் மரபணுவில் இருந்து செல் எடுக்கும் நகலான ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் படிக்கும் ஆர்என்ஏ-சீக் இருக்கிறது. ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். தோப்பில் இருந்து வெயிலில் பைக்கில் கொண்டுவந்த சாம்பிளுக்கு அதை யோசிக்கவே வேண்டாம்.

மருந்தெதிர்ப்பு மரபணுக்களைத் தேடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். என்டிஎம் போன்ற மரபணு பாக்டீரியாவின் முக்கியக் குரோமோசோமில் இருக்கிறதா, பிளாஸ்மிட் என்ற தனி வட்டத்தில் இருக்கிறதா என்பது பெரிய வித்தியாசம். பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவில் இருந்து பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக்கே தாவும். இந்த மரபணுக்களின் இருபுறமும் தாவும் துணுக்குகள் காவல் நிற்பதால், குறுந்துண்டுகளை ஒட்டும்போது சரியாக அந்த இடத்தில்தான் அறுந்துபோகும். மரபணு இருப்பது தெரியும், எதன்மேல் இருக்கிறது என்பது தெரியாது. இங்கே நீள்வாசிப்புக்குப் பணம் செலவழிப்பது தண்டமில்லை.

அறிக்கை கைக்கு வந்தபின்

முதலில், சதவீதம் என்பது எண்ணிக்கை இல்லை. சும்மா ஒரு கணக்குக்கு: காலையில் ஈஸ்ட் 100, லூகனோஸ்டாக் 100. மாலையில் ஈஸ்ட் 900, லூகனோஸ்டாக் அதே 100. அறிக்கையில் லூகனோஸ்டாக் 50 சதவீதத்தில் இருந்து 10க்கு இறங்கியிருக்கும். ‘லூகனோஸ்டாக் அழிந்தது’ என்று எழுதிவிடக் கூடாது. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

செத்த செல்லின் டிஎன்ஏவும் படிக்கப்படும் என்பது அடுத்தது. கொதிக்கவைத்த கள்ளிலும் பெயர்ப் பட்டியல் வரும். உடைக்கும் விதமும் விளையாடும்: ஈஸ்டின் சுவர் தடித்தது, மெதுவாக உடைத்தால் அதன் டிஎன்ஏ வெளியே வராது, குறைவாக இருப்பதாகத் தோன்றும். நுண்மணிகளைப் போட்டுக் குலுக்கி உடைத்தார்களா என்று கேளுங்கள். இரண்டு சாம்பிள்களை இரண்டு விதமாக உடைத்திருந்தால் அவற்றை ஒப்பிடவே கூடாது.

டிஎன்ஏ பிரிக்கும் ரசாயனங்களிலேயே கொஞ்சம் பாக்டீரியா டிஎன்ஏ ஒட்டிக்கொண்டிருக்கும். சாம்பிளில் உயிர்கள் நிறைய இருந்தால் இது தெரியாது. கிணற்றுத் தண்ணீர் போன்ற நோஞ்சான் சாம்பிளில் இதுவே பெரிய கண்டுபிடிப்பாக வேடம் போடும். அதற்காகத்தான் சாம்பிளே இல்லாத வெறும் தண்ணீரையும் எல்லாப் படிகளிலும் கூடவே ஓட்ட வேண்டும். செலவு மிச்சம் என்று பலரும் முதலில் கழற்றிவிடுவது இதைத்தான், எனக்கு இதில் ஆத்திரமே உண்டு. வெறும் தண்ணீரில் வந்த பெயர் உங்கள் சாம்பிளிலும் வந்தால் அதை அடித்துவிடலாம்.

ஒரே கடையில் வாங்கிய ஒரு பாட்டிலை மூன்றாகப் பிரித்து அனுப்பினால் அது மூன்று சாம்பிள் ஆகாது. மூன்று மரத்தில், மூன்று முட்டியில் எடுத்தால்தான் மரத்துக்கு மரம் எவ்வளவு வேறுபடும் என்று தெரியும். எடுத்த நேரம், மரம், முட்டி மண்ணா பிளாஸ்டிக்கா, சுண்ணாம்பு தடவியதா என்று குறித்துவையுங்கள். சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைபட்டுப் பதநீராக நிற்கும், ஆகவே பட்டியலும் தலைகீழாகும். எடுத்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் ஆய்வகம் படிப்பது நீங்கள் எடுத்த கள்ளை இல்லை, பஸ்ஸில் வரும் வழியில் ஆறு மணி நேரம் நொதித்த கள்ளை.

சாம்பிளோ பணமோ இல்லாமலேயே பழக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுகிறவர்கள் தங்கள் ஃபாஸ்ட்கியூ கோப்புகளை அமெரிக்காவின் எஸ்ஆர்ஏ, ஐரோப்பாவின் ஈஎன்ஏ போன்ற பொதுக் களஞ்சியங்களில் போட்டுவைப்பது வழக்கம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கேலக்ஸி என்ற இலவசத் தளத்தில் எதையும் நிறுவாமல் பிரௌசரிலேயே தரம் பார்க்கலாம், வாலை வெட்டலாம், ஒட்டலாம். முதல் முயற்சிக்கு மெட்டாஜீனோம் பக்கம் போக வேண்டாம். தனியாக வளர்த்த ஓர் ஈ.கோலையின் கோப்பை எடுங்கள். ஃபாஸ்ட்கியூசி என்ற தரம் பார்க்கும் மென்பொருளை ஓட்டி நம்பகத்தன்மை எங்கே சரிகிறது என்று பாருங்கள், ஸ்பேட்ஸ் என்ற மென்பொருளைக் கொண்டு துண்டுகளை ஒட்டுங்கள், வந்த நீள்துண்டுகளின் மொத்த நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். 46 லட்சத்தை ஒட்டி வந்தால் சரி. வகைக்கு வகை சில லட்சம் கூடும், குறையும். 90 லட்சம் வந்தால் அந்தக் குழாயில் இரண்டு பாக்டீரியாக்கள் இருந்திருக்கக் கூடும்.